ஏழுமலைக்கு நான் மாட்டிய பெடல்கள்

விலை கூடிய சைக்கிள்கள் பெட்டியில் பெடல் இல்லாமல்தான் வரும். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சக்கரம், கைப்பிடி, சீட்டு எல்லாம் மாட்டி, துடைத்து, கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, "பெடல் எங்கங்க?" என்பார்கள். "அத நீங்க தனியா பாத்து எடுக்கணும் சார்" என்றதும் முகம் மாறிவிடும். ஏமாற்றப் பார்க்கிறோம் என்று சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மனிதனும் சைக்கிளும் ஒட்டுகிற இடங்களில் பெடல்தான் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது. அதைத் தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு யாரும் முடிவு செய்துவிட முடியாது.

திண்டிவனத்திலும், கடைசி ஆறு வருஷம் விழுப்புரத்திலுமாக, ஒரே முதலாளி குடும்பத்தின் சைக்கிள் கடைகளில் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. விழுப்புரம் கடையில் இப்போது என் வேலையைப் பார்க்கும் பூங்கொடி போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் டேப்லெட்டின் படம் அது. எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், எந்த மாதிரி ரோடு, ஷூவா செருப்பா, வயசு என்ன, எடை என்ன என்று ஐந்து கேள்விகள். பதிலைத் தட்டினால் கீழே ஒரு பெடலின் படம் வந்து நிற்கும். "அண்ணே, புதுசா ஓட்ட வர்றவங்களுக்கு இது போதுமா? இன்னும் எதாச்சும் சேக்கணுமா?" என்று கேட்டிருந்தார்.

"ஒண்ணு சேக்கணும்" என்று தட்டினேன். அதற்கு மேல் போனில் எழுதுகிற விஷயமாக அது இல்லை.

தொழில் கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபத்து நான்கு வயதில் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே ஒரு இடது கிராங்கை, பெடல் மாட்டுகிற அந்த இரும்புக் கையை, நாசமாக்கினேன். இடது பெடலின் மரை மற்ற எல்லா மரைகளுக்கும் எதிராகத் திரும்பும். தெரியாமல் வழக்கம்போல வலப்பக்கம் திருகி, ஏறவில்லையே என்று இரண்டு கையாலும் அழுத்தினேன். மரை சீவிக்கொண்டு வெளியே வந்தது. பெரிய ஃபிட்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. ஸ்பேனரை பெடலின் மேல் நிமிர்த்தி வைத்து, "முன்சக்கரம் இருக்கிற பக்கமா தள்ளுனா இறுகும். பின்சக்கரம் பக்கமா தள்ளுனா கழலும். ரெண்டு பக்கத்துக்கும் அதே கணக்குதான்" என்றார். மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கு சுற்று கை விரலால் மட்டுமே ஏற்ற வேண்டும் என்பதையும் அவர்தான் காட்டினார். அதன் பிறகு நான் ஒரு கிராங்கையும் கெடுத்ததில்லை. பெடல் விஷயத்தில் நான் செய்த தவறு வேறு மாதிரியானது.

பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போனபோது அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லா மேடம் திண்டிவனம் கடையைப் பார்க்க வந்தார். அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சைக்கிள் ஓட்டத் தெரியாது. கடைசி வரைக்கும் கற்றுக்கொள்ளவும் இல்லை. சுழலும் ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வேலையில் பிழை இருந்தால் அந்த சைக்கிளின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். நாமாகப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நகரமாட்டார். எல்லோரையும், கடை பெருக்குகிற அம்மாவையும்கூட, நீங்க என்றுதான் சொல்வார்.

அவர் வந்த புதிதில்தான் கியர் சைக்கிள்களும், வெயில் ஏறுவதற்குள் பைபாஸில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போய் வருகிற கூட்டமும் திண்டிவனத்தில் பெருகின. வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். சைக்கிள் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிளிப் பெடல்தான் வேண்டும் என்றார். ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அது பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். பழகியவருக்கு அது சுகம். நானும் மாட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வர, அவர் பிரேக் பிடித்தார். கால் வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். மணிக்கட்டு உடைந்தது.

கட்டுப் போட்ட கையோடு அவர் வந்து சொன்னதை ஸ்டெல்லா மேடம் முழுக்கக் கேட்டார். அவர் போன பிறகு, "அவர் எங்க போவார்னு கேட்டீங்க. எங்க நிப்பார்னு கேட்டீங்களா?" என்றார்.

அன்றைக்கு ஒரு நீள நோட்டுப் போட்டார். புதிதாக ஓட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி. சுவரோரம் ஒரு சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்க. இறங்குங்க. திரும்ப ஏறுங்க" என்று பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்வார். அவர் கண் மட்டும் அந்த ஆளின் காலில் இருக்கும். எங்கே கால் ஊன்ற வேண்டியிருக்கும், முதலில் எந்தக் கால் இறங்குகிறது, காலில் என்ன போட்டுக்கொண்டு ஓட்டுவீர்கள் என்று மூன்று கேள்வி. நாலாவதாக, "அந்தச் செருப்பைக் கொஞ்சம் கழட்டுங்க" என்பார். செருப்பைத் திருப்பித் தேய்மானம் பார்ப்பார். பிறகு அந்த ஆளின் பாதத்தைப் பார்ப்பார். பாரம் எந்த இடத்தில் விழுகிறது, எங்கே காய்ப்பு, எங்கே வெடிப்பு, எல்லாம் பார்த்துவிட்டு நோட்டில் 'பாதம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுவார். மளிகைக்காரர், வக்கீல், டாக்டர் யாராக இருந்தாலும் இதேதான். சிலர் முகம் சுளிப்பார்கள். மேடம் கண்டுகொள்ளமாட்டார்.

ஏழுமலை வந்தது இதெல்லாம் நடைமுறைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து. பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே கொட்டகை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ரைட்டர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முத்து முத்தான கையெழுத்து. அப்போது ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை ஏறிவிட்டது, நடக்கச் சொன்னால் முட்டி வலிக்கிறது, அதனால் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டார்.

"ஆனா ஒரு விஷயம் சேகரு. எனக்கு ஓட்டவே தெரியாது" என்றார்.

"சின்ன வயசுல வாடகை சைக்கிள்கூட ஓட்டலியா ரைட்டர் சார்?"

"எங்க தெரு பசங்களுக்கு யாரு குடுத்தா? வாடகைக் கடை மேலத் தெருவுல இருந்திச்சி. அங்க போவணும்னா எங்க அப்பாரே செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சிக்கினுதான் போவாரு."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அவருடைய ஊர் தெரியும். பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம். என் அம்மா பிறந்ததும் அதே ஊர்தான். அவர் சொன்ன மேலத் தெருவில்தான் எங்கள் தாத்தா வீடு.

அன்று ஸ்டெல்லா மேடம் விழுப்புரத்தில் புதுக் கடைக்கு இடம் பார்க்கப் போயிருந்தார். நான்தான் எல்லாம் செய்தேன். பத்துத் தடவை ஏறி இறங்கினார். மூன்று கேள்வியும் கேட்டேன். நாலாவதுக்கு வந்தபோது வாய் வரவில்லை. அந்தத் தெருவின் பேரன் நான், அந்த அப்பாவின் மகன் அவர். செருப்பைக் கழற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதை மரியாதை என்றே நினைத்துக்கொண்டேன். அகலமான பிளாஸ்டிக் பெடலை மாட்டிக் கொடுத்தேன்.

மேடம் மறுநாள் நோட்டைத் திறந்தார். "பாதம் பார்த்தீங்களா சேகர்?"

"பார்த்தேன் மேடம்."

அவர் டிக் போட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் காலை வேளைகளில் நானே சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மூன்று வாரத்தில் ஓட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் முதன்முதலாக யாரும் பிடிக்காமல் சைக்கிளில் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மைதானத்தைச் சுற்றி வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே சிராய்ப்போடு கடைக்கு வந்தார். "பெடல் வழுக்குது சேகரு. கால் எப்ப எறங்குச்சின்னே தெரியல. பேஜாரா இருக்குது" என்றார்.

கால் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை என்றார். அந்த வார்த்தையை நான் நின்று கேட்டிருக்க வேண்டும். மழை, வழுக்கல் என்றுதான் எனக்குக் கேட்டது. வழுக்கலுக்கு மருந்து முள் பெடல். அலுமினியத் தட்டு, இரண்டு முகத்திலும் பத்துப் பத்துச் சின்னத் திருகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். செருப்பின் அடியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கெட்டியான ஷூ போட்டு ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பெடல் கிடையாது. ஏழுமலை போட்டிருந்தது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. மாட்டிக் கொடுத்தேன். ஒரு சுற்று போய் வந்து, "இப்ப நல்லா புடிக்குது" என்றார். அதன் பிறகு ஆறு வாரம் மரக்காணம் ரோட்டில் தினமும் போய் வந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பேரைச் சொன்னார்.

ஏழாவது வாரம் அவர் மனைவி அஞ்சலை கடைக்கு வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. ஒல்லியான அம்மா. கையில் ஒரு கேரி பை. பின்பக்கம் வேலையாக இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் வருகிறவரை அவர் உட்காரவில்லை.

"நீங்கதான் சேகரா?"

"ஆமாம்மா."

பையிலிருந்து இரண்டு பெடலையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். எதிர்வீட்டு மெக்கானிக்கை வைத்துக் கழற்றியிருக்கிறார். வலது பெடலின் முன்வரிசைத் திருகுகளைச் சுற்றி ஏதோ கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கிரீஸ்னு நெனச்சேன். தண்ணி ஊத்திக் கழுவுனேன். சேப்பா வந்திச்சி" என்றார். "செருப்பைப் பாத்தா அடியில ஓட்டை. அவரு கால்ல அதே எடத்துல ஓட்டை. நாத்தம் வந்த பின்னாடிதான் எனக்கே தெரிஞ்சிது. வலிக்கலியான்னு கேட்டா வலிக்கலேன்றாரு. ரெண்டு வருசமாவே அவருக்குக் கால் மரத்துத்தான் கெடக்குது. இப்ப விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்காரு. வெரலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

அவர் குரலில் சண்டை இல்லை. "நான் கத்தறதுக்கு வரலண்ணே. இதைப் பாத்துட்டு வேற யாருக்கும் மாட்டாதீங்க. அத சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

ஸ்டெல்லா மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்து அந்த அம்மாவை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு நோட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடி, என் பக்கமாகத் திருப்பி, மேஜையில் அந்தப் பெடல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பாதம் என்ற கட்டத்தில் அவருடைய டிக்.  என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"நான் பாக்கல மேடம். பாத்தேன்னு பொய் சொன்னேன்" என்றேன். அஞ்சலைக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.

மறுநாள் காலை மேடமும் நானும் ரயிலேறி விழுப்புரம் போனோம்.  ஆஸ்பத்திரி வார்டில் ஏழுமலையின் வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. இரண்டாவது, மூன்றாவது விரல்களை முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். எலும்பு வரைக்கும் சீழ் போயிருந்ததாம். நாங்கள் போன நேரத்தில் நர்ஸ் அவருடைய இடது பாதத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சோதனையை நான் இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன். ஒரு பேனா போன்ற பிடி. அதன் நுனியில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. "கண்ணை மூடிக்கோங்க ஐயா. தொடும்போதெல்லாம் உம்னு சொல்லுங்க" என்றார் நர்ஸ். ஏழுமலை கண்ணை மூடினார். நர்ஸ் கட்டைவிரல் அடியில் இழையை வளையும்வரை அழுத்தினார். சத்தம் இல்லை. விரல்களுக்குக் கீழே மூன்று இடம். சத்தம் இல்லை. நடுப்பாதத்தில் வைத்தபோது "உம்" என்றார். குதிகாலில் இல்லை. பத்து இடத்தில் இரண்டு இடத்தில்தான் குரல் வந்தது. முடிந்துவிட்டது என்று தெரியாமல், நர்ஸ் இழையை மூடி வைத்த பிறகும் அவர் கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்தார்.

கண்ணைத் திறந்ததும் எங்களைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லுவோம் என்பது, அவரை மட்டும் சொல்லாமல் விட்டது, ஏன் விட்டேன் என்பது, மேடத்திடம் பொய் சொன்னது. சர்க்கரை இருக்கிறது என்று சொன்னவர் மரத்துப்போனதைச் சொல்லவில்லையே என்று ஒரு பேச்சு என் வாய்வரை வந்தது. அதை மட்டும் விழுங்கினேன்.

ஏழுமலை கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"எங்க அப்பாரைக் கழட்டச் சொன்னது வேற சேகரு" என்றார். "அங்க எங்களை மட்டும் சொன்னாங்க. உன் கடையில எல்லாரையும் சொல்ற. வக்கீலைச் சொல்ற, டாக்டரைச் சொல்ற. என்னை மட்டும் சொல்லல. அப்ப ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? ரெண்டு எடத்துலயும் நான் தனியாத்தான நின்னேன்?"

நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன். 

"நாலு எல்லையும் எழுதுனாதான் பத்திரம். மூணு எழுதிட்டு, நாலாவதா இருக்கறவரு பெரிய மனுசன், அவரை எதுக்குக் கேக்கணும்னு விட்டா, நெலம் யாருதுன்னே தெரியாம பூடும். கேட்டிருக்கணும்" என்று முடித்துக்கொண்டார்.

பூங்கொடியின் டேப்லெட்டில் இல்லாதது இந்த நாலாவது கேள்விதான், செருப்பைக் கழற்றச் சொல்வது. அதைப் பட்டியலில் சேர்ப்பது சுலபம். எதிரே நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் விடாமல் கேட்பதுதான் கஷ்டம்.

கடைக்குத் திரும்பியதும் மேடம் என்னை ஒரு மாதம் ஃபிட்டிங்கிலிருந்து விலக்கி நோட்டு எழுத உட்காரவைத்தார். "கண்ணால பாக்காத எதையும் எழுதாதீங்க" என்றார். வேறு தண்டனை இல்லை. அந்த மாதம் நான் நைலான் இழையால் தொட்டுப் பார்த்த பாதங்களில் ஏழு பேருக்கு உணர்ச்சி குறைவாக இருந்தது. அவர்களில் ஒருவர்கூட அதைத் தானாகச் சொல்லவில்லை. சிலருக்கு அது தெரியவே இல்லை.

ஏழுமலையின் புண் ஆற எட்டு மாதம் ஆயிற்று. ஆறிய பிறகு அவரும் அஞ்சலையும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். அவர் காலில் சர்க்கரைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு. சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நடக்கும்போது பாதத்தில் விழுகிற பாரத்தைவிட ஓட்டும்போது குறைவுதான். ஆனால் ஒரே புள்ளியில் அழுத்தம் விழக்கூடாது.

"எனக்கு இஷ்டமே இல்லண்ணே" என்றார் அஞ்சலை. "இவுரு கேக்க மாட்டேன்றாரு. ஓட்டட்டும். ஆனா பெடல நான்தான் பாத்து எடுப்பேன்."

எங்களிடம் இருந்த ஐந்து வகையையும் மேஜையில் பரப்பினேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். முதல் பெடலின் மேல் உள்ளங்கையை வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கி நின்றார். வாய்க்குள் நூறு வரைக்கும் எண்ணினார். கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரம்பப் பல் விளிம்புள்ள இரும்புப் பெடல் கோடு கோடாகப் பதிந்திருந்தது. பிளாஸ்டிக், கட்டம் கட்டமாக. அலுமினியத் தட்டின் ஓரம் ஒரே ஒரு கோடு, ஆனால் ஆழம். ஒவ்வொன்றுக்கும் தடம் மறைகிறவரை காத்திருந்துதான் அடுத்ததில் கை வைத்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டெல்லா மேடம் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் பால்காரர்களின் சைக்கிளில் இருக்குமே, அந்தச் சாதாரண ரப்பர் கட்டைப் பெடல். கீழ் அலமாரியில் தூசு படிந்து கிடந்ததைத் துடைத்து வைத்திருந்தேன். நூறு எண்ணிவிட்டுக் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்க ஒரே சீராகச் சிவந்திருந்தது. புள்ளி இல்லை, கோடு இல்லை. இருபது எண்ணுவதற்குள் சிவப்பும் போய்விட்டது.

"இதான்" என்றார்.

மேடம் தன் கையை நீட்டி அதே பெடலில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலைப்பில் 'கை' என்று எழுதினார்.

மரை அளவு பொருந்தியது. விரலால் நான்கு சுற்று, பிறகு ஸ்பேனர். ஆனால் வேலை அதோடு தீரவில்லை. ரப்பர் குத்தாது, சரி. கால் பெடலின்மேல் இருக்கிறதா என்பது ஏழுமலைக்கு எப்படித் தெரியும்? குனிந்து பார்த்தால் எதிரே வருகிற வண்டியைப் பார்க்க முடியாது. பட்டை போட்டுக் கட்டினால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். இரண்டு நாள் யோசித்தேன். பாதத்தில்தான் உணர்ச்சி இல்லை, முட்டியில் இருக்கிறது. கால் ஓர் இடத்தில் தட்டி நின்றால் முட்டிக்குத் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் அந்தச் செருப்பைச் செய்கிறவரிடமே போனேன். செருப்பின் அடியில், குதிகாலுக்கு முன்னால் பள்ளமாக இருக்கும் இடத்தில், குறுக்கே ஒரு ரப்பர் பட்டை ஒட்டித் தந்தார். பெடலின் பின்விளிம்பு அதில் வந்து தட்டும். கால் முன்னால் வழுக்காது. தூக்கினால் தடையில்லாமல் வந்துவிடும். நடக்கும்போது அது தரையில் படாது. சீட்டையும் இறக்கினேன், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படும்படி.

சோதித்துப் பார்க்காமல் தனியாக விடக்கூடாது என்று மேடம் சொன்னார். சொல்லாவிட்டாலும் விட்டிருக்கமாட்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் முன்னால், நான் இன்னொரு சைக்கிளில் பின்னால். வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை அவர் பாதத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சிவப்பு இல்லை என்று போனில் சொன்ன பிறகுதான் நான் கடை திறப்பேன்.

முதல் நாள் தெருமுனை தாண்டுவதற்குள் கேட்டார். "சேகரு, இருக்குதா?"

"இருக்குது ரைட்டர் சார்."

பத்தடி போய், "இப்ப?"

"இருக்குது."

ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் கேட்பார். எதிரே லாரி வந்தால் கேட்பார். வயலிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த டிராக்டரைத் தாண்டும்போது அதன் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்பார். நானும் கத்துவேன். வழியில் நடை போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. இரண்டாவது வாரம் கேள்விகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தன. தட்டும்போது முட்டியில் தெரிகிறது என்று ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு, இருந்தாலும் கேட்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், ஏரி வளைவில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. ஏழுமலை பிரேக் பிடித்தார். வலது கால் வந்தது, ஊன்றினார். மந்தை போகிறவரை நின்றார். பிறகு காலைத் தூக்கி வைத்து ஓர் அழுத்து அழுத்திக் கிளம்பினார். நான் அவருடைய கேள்விக்காக வாயைத் திறந்து வைத்திருந்தேன். கேள்வி வரவில்லை. நூறு அடி போனார். இருநூறு அடி போனார். அவர் கால் பெடலில் கச்சிதமாக இருந்தது. நானாகச் சொல்லவில்லை. மிதிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன். எங்களுக்கு நடுவே முதலில் ஒரு பைக் புகுந்தது, பிறகு ஒரு டவுன் பஸ். அவருடைய வெள்ளைச் சட்டை வளைவில் திரும்பி மறைந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது, வளைவுக்கு அப்பால் இருந்த டீக்கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு கிளாஸ் பக்கத்தில் இருந்தன. என்னுடையதில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

"இன்னா சேகரு, சைக்கிளத் தள்ளிக்கினு வந்தியா?" என்றார்.